நாகேஸ்வர ராவ் நடித்தாரா, தூங்கினாரா?

திருத்தணிப் படி:
நேற்று ஒரு தெலுங்குப் பக்கத்தில் ஒருவர் எழுதியிருக்கிறார், தேவதாஸ் என்றால் 1953 படத்தில் நடித்த நாகேஸ்வர ராவ் ஒருவர்தானாம், மற்றவர்கள் எல்லாம் சும்மா வேஷம் கட்டியவர்களாம். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. சரத் சந்திரர் வங்காளத்தில் எழுதி 1917இல் வெளிவந்த நாவல். சைகல் நடித்தார், திலீப் குமார் நடித்தார், சௌமித்ர சட்டர்ஜி நடித்தார், 2002இல் ஷாருக் கான் நடித்தார். இத்தனை பேரும் வேஷமா? நாகேஸ்வர ராவுக்கு இருக்கிற பேரெல்லாம் அந்தச் சொருகிய கண்ணுக்குத்தான். அந்தக் கண் எப்படி வந்தது என்பதை அவருடைய ரசிகர்களே பெருமையாகச் சொல்கிறார்கள்: குடிக்கிற காட்சிகளை ராத்திரியில் எடுத்தார்கள், தூக்கக் கலக்கத்தில் இமை தானாக இறங்கியது என்று. தூக்கம் வந்தவன் கண்ணை மூடினால் அதற்குப் பெயர் நடிப்பா? என் ஓட்டு ஷாருக்குத்தான்.

புத்தூர் கட்டு:
வந்துவிட்டார் ஐயா. போன மாசம் கர்ணன் சண்டையில் வாங்கிக் கட்டிக்கொண்டது போதாதா? தம்பி, ராத்திரியில் எடுத்தார்கள் என்பது உண்மைதான். யார் இல்லை என்றது? ராத்திரியில் எடுத்தால் கண் சொருகும், சரி. குரல் எப்படி உடையும்? கை எப்படி நடுங்கும்? காதலி பார்வதி பெயரைச் சொல்லும்போது மட்டும் அந்தச் சொருகிய கண் ஒரு கணம் திறந்து மறுபடி விழுகிறதே, அதுவும் தூக்கமா? ஷாருக் கான் நடித்ததைப் பாருங்கள். குடித்தாலும் கத்தல், குடிக்காவிட்டாலும் கத்தல், அம்மாவைப் பார்த்தாலும் கத்தல். சரத் சந்திரருடைய தேவதாஸ் கோழை. வேண்டிய நேரத்தில் வாய் திறக்கத் தெரியாதவன். பார்வதி ராத்திரியில் தன்னந்தனியாக அவன் அறைக்கே வந்து கேட்கிறாள், அப்போதும் பதில் சொல்லத் தெரியாமல் கல்கத்தாவுக்குப் போய் உட்கார்ந்துகொண்டு, நமக்குள் ஒன்றுமே இல்லை என்கிற மாதிரி கடிதம் போடுகிறான். அப்படிப்பட்டவன் லண்டனில் படித்துவிட்டு வந்து வீடு அதிர வசனம் பேசுவானா? நாவலில் லண்டனே கிடையாது.

குப்பம் ஜங்ஷன்:
ஒரு சின்ன சந்தேகம். சிறந்த தேவதாஸ் என்றால் நாவலுக்குக் கிட்ட இருப்பவரா, நடிப்பில் சிறந்தவரா, மக்கள் மறக்காதவரா? அதை முதலில் முடிவு செய்துகொண்டால்

திருத்தணிப் படி:
குப்பம் அண்ணா, அதெல்லாம் அப்புறம். புத்தூராரே, நீங்களே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள், ராத்திரி ஷூட்டிங், கண் சொருகியது தூக்கத்தால். விஷயம் முடிந்தது.

புத்தூர் கட்டு:
எங்கே ஒப்புக்கொண்டேன்? நான் எழுதியதைத் தமிழில்தானே எழுதினேன்? இயக்குநர் வேதாந்தம் ராகவையா ராத்திரியில் எடுக்க முடிவு செய்தார் என்றால் அது இயக்குநரின் புத்தி. விளக்கு போடுவது, மேக்கப் போடுவது போல அதுவும் ஒரு ஏற்பாடு. அழுகிற காட்சிக்கு கிளிசரின் போட்டவர்களுடைய அழுகையை எல்லாம் கணக்கிலிருந்து எடுத்துவிடலாமா? உங்கள் ஷாருக் கண்ணில் ஒரு சொட்டு கிளிசரின் பட்டதில்லையா?

நகரி நெசவு:
ரெண்டு பேருக்கும் நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் நகரியில் விசைத்தறி ராத்திரி ஷிப்ட் ஓட்டுகிற பையன் ஒவ்வொருத்தனுக்கும் விடிகாலை மூன்று மணிக்கு இதே கண்தான். ஒருத்தருக்கும் யாரும் மாலை போடவில்லை. அது கிடக்கட்டும். கல்யாணத்துக்கு முன்னால் பார்வதியை மீன் பிடிக்கிற தூண்டில் கோலால் நெற்றியில் அடித்துத் தழும்பு போட்டவன் இந்த தேவதாஸ். நாவலில் அப்படித்தான் இருக்கிறது. 2002 படத்தில் நகையால் அடித்து அதையும் அழகாக்கிவிட்டார்கள். அடித்தவனில் எந்த அடித்தவன் சிறந்தவன் என்று ரெண்டு ஆம்பிளைகள் உட்கார்ந்து ஓட்டுப் போடுகிறீர்கள். பார்வதியாக நடித்த சாவித்திரியைப் பற்றி இதுவரை ஒருத்தரும் ஒரு வரி எழுதவில்லை.

திருத்தணிப் படி:
அக்கா சொன்னதில் முதல் பாதியை அப்படியே வழிமொழிகிறேன். ராத்திரி ஷிப்ட். அவ்வளவுதான் மேட்டர்.

புத்தூர் கட்டு:
நகரி அம்மா, தறி ஓட்டுகிற பிள்ளைகளைக் கொண்டுவந்து நாகேஸ்வர ராவ் காருவோடு நிறுத்துவது உங்களுக்கே நியாயமா? சாவித்திரிக்கு நான் ஒரு நாளும் குறை வைத்ததில்லை, பழைய இழைகளைப் போய்ப் பாருங்கள்.

திருத்தணிப் படி:
காரு! தெலுங்கு மரியாதை வெளியே வந்துவிட்டது. இத்தனை நேரம் கலையைப் பற்றிப் பேசுகிறார் என்று நினைத்தேன்.

புத்தூர் கட்டு:
ஆமாம் காருதான். புத்தூரில் இருக்கிறவன் வேறு எப்படிச் சொல்வான்? என் வீட்டில் தமிழ், கடையில் தெலுங்கு, கோவிலில் ரெண்டும். வரலாறு தெரிந்தால் பேசுங்கள். தெலுங்கு தேவதாசு 1953 ஜூன் 26இல் வந்தது, தமிழ் தேவதாஸ் அதே வருஷம் செப்டம்பர் 11இல் வந்தது, அக்டோபர் 1ஆம் தேதி ஆந்திர மாநிலம் பிரிந்தது. அன்றைக்கு உங்கள் திருத்தணியும் எங்கள் சித்தூர் ஜில்லாவில்தான் இருந்தது. 1960 ஏப்ரலில்தான் அந்தப் பக்கம் போனீர்கள். ஆக ஆறரை வருஷம் நீங்களும் காரு போட்ட ஊர்தான்.

திருத்தணிப் படி:
போகவில்லை ஐயா, மீண்டோம். ம.பொ.சி. போராடி மீட்டார். வாய் தவறி வந்த வார்த்தை என்று விட்டுவிடுகிறேன்.

பாலக்காட்டுச் சித்தூர்:
எல்லோருக்கும் வணக்கம். சித்தூர் சித்தூர் என்று பேச்சு வந்ததால் எட்டிப் பார்த்தேன். மலையாளத்திலும் 1989இல் தேவதாஸ் வந்தது, கிராஸ்பெல்ட் மணி இயக்கியது. வேணு நாகவள்ளி நடித்தார். சோகக் காதலன் என்றால் அந்தக் காலத்து மலையாள ரசிகனுக்கு அவர் முகம்தான் முதலில் ஞாபகம் வரும். அவருக்கு யாரும் தூக்கத்தைக் கெடுத்துக் கண்ணைச் சொருக வைக்க வேண்டியதில்லை, பகலிலேயே அப்படித்தான் இருப்பார். அப்புறம் 1953 படத்தில் தேவதாஸ் மேல் அன்பு வைக்கிற தாசி சந்திரமுகி யார்? திருவிதாங்கூர் சகோதரிகளில் மூத்த லலிதா. எங்கள் ஊர்ப் பங்கு இல்லாமல் உங்கள் தேவதாஸ் இல்லை.

புத்தூர் கட்டு:
அன்பரே, இங்கே பேசுவது ஆந்திராச் சித்தூர். மாம்பழச் சித்தூர். நீங்கள் வேறு சித்தூர்.

பாலக்காட்டுச் சித்தூர்:
வேறு என்றால் குறைந்ததா? எங்கள் ஊர் ஆற்றுக்கே சோகநாசினி என்று பேர். தேவதாஸ் கல்கத்தாவுக்குப் போகாமல் இங்கே வந்து ரெண்டு முழுக்குப் போட்டிருந்தால் பிழைத்திருப்பான், நீங்களும் நிம்மதியாக இருந்திருப்பீர்கள்.

நகரி நெசவு:
ஹாஹா. இந்த இழையில் வந்த ஒரே உருப்படியான யோசனை.

மாம்பழச் சித்தூர்:
நான்தான் இங்கே சித்தூர், ரொம்ப காலமாக இந்தப் பெயரில்தான் எழுதுகிறேன். பாலக்காட்டு நண்பர் பெயரை மாற்றிக்கொண்டால் குழப்பம் இருக்காது. தேவதாஸ் விஷயத்தில் என் கட்சி திலீப் குமார். 1955, விமல் ராய் எடுத்தது. சைகல் நடித்த 1936 படத்துக்கு கேமராவுக்குப் பின்னால் நின்றவரே விமல் ராய்தான். அந்தக் கதையை உள்ளிருந்து பார்த்த மனிதர். சந்திரமுகியாக வைஜயந்திமாலாவும் பார்வதியாக சுசித்ரா சென்னும் பாதையில் ஒருவரை ஒருவர் கடந்து போகிற காட்சி இருக்கிறதே, ஒரு வார்த்தை கிடையாது, ஒருவர் யாரென்று மற்றவருக்குத் தெரியாது, பார்வை மட்டும்தான். அந்த ரெண்டு பாத்திரங்களையும் ஷாருக் படத்தில் சேர்ந்து நடனம் ஆட வைத்துவிட்டார்கள். நாவலில் அவர்கள் அப்படிச் சந்திக்கவே இல்லை. சந்திரமுகி வேஷத்துக்குத் துணை நடிகை விருது என்று கொடுத்தபோது வைஜயந்திமாலா வாங்க மறுத்துவிட்டார், நானும் கதாநாயகிக்குச் சமம்தான் என்று. நம் திருவல்லிக்கேணிப் பெண்.

பாலக்காட்டுச் சித்தூர்:
நான் ஏன் பெயரை மாற்ற வேண்டும்? நீங்கள் மாற்றுங்கள்.

புத்தூர் கட்டு:
திலீப் குமாரை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் தேவதாஸ் என்றால் நாகேஸ்வர ராவ்தான் என்று அவரே சொன்னதாக எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள்.

திருத்தணிப் படி:
எங்கே சொன்னார்? எந்தப் பத்திரிகை, எந்த வருஷம்? எழுதியிருக்கிறார்கள் என்றால் யார்? உங்களைப் போன்ற நாலு பேர் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிக்கொள்வதுதானே. சொல்லியே இருந்தாலும், அடுத்தவர் படத்தை நல்லதனமாகப் பாராட்டுவது பெரிய மனிதர்கள் வழக்கம். ராத்திரி ஷூட்டிங் விஷயம் அவருக்குத் தெரிந்திருக்காது.

புத்தூர் கட்டு:
மறுபடி ராத்திரி. மறுபடி மறுபடி ராத்திரி. சரி, உங்கள் வழிக்கே வருகிறேன். ராத்திரியில் எடுத்தால் எல்லோருக்கும் தூக்கம் வரும் அல்லவா? அப்படியானால் எதிரில் நின்றவர்களுக்கு ஏன் கண் சொருகவில்லை? கேமராமேன் தூங்கிவிட்டாரா? கூட நின்று குடிக்க ஊற்றிக் கொடுக்கிற நண்பன் பகவானுக்கு ஏன் கண் பளிச்சென்று இருக்கிறது? ஒரே ராத்திரி, ஒரே செட், ஒருத்தர் கண் மட்டும் செத்துப்போய் இருக்கிறது. அதற்கு என்ன பெயர் என்று நீங்களே சொல்லுங்கள். இன்னொன்றும் கேளுங்கள். இதே கதையை 1974இல் தெலுங்கில் கலரில் எடுத்தார்கள், கிருஷ்ணா நடித்தார், விஜயநிர்மலா இயக்கியது. கிருஷ்ணா எவ்வளவு பெரிய ஸ்டார்! இன்றைக்கு எங்கள் பக்கத்தில் தாடி விட்டுக்கொண்டு திரிகிறவனைப் பார்த்து தேவதாஸ் என்று கிண்டல் செய்கிறவன் மனசில் கிருஷ்ணா முகமா வருகிறது? கலர் இருந்தது, பெரிய திரை இருந்தது, அந்தக் கண் இல்லை. பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சி.ஆர். சுப்பராமன் படம் வெளிவருவதைப் பார்க்காமலே 1952இல் போய்விட்டார், சின்ன வயது. மிச்ச வேலையை விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் முடித்தார்கள். உலகே மாயம் பாட்டில் கண்டசாலா குரலுக்கு அந்த முகத்தைத் தவிர வேறு ஏதாவது முகம் பொருந்துமா? ஷாருக்கை அந்தப் பாட்டுக்கு வாயசைக்க வைத்துப் பாருங்கள், நடுவில் ஆடப் போய்விடுவார்.

திருத்தணிப் படி:
கண்டசாலா தமிழில் பாடும்போது தெலுங்கு வாடை அடிக்கும், அது வேறு கதை. ஆனால் பகவானைப் பிடித்தீர்களே, நல்லது. தமிழ் தேவதாஸ் என்று பெரிதாகச் சொல்கிறீர்கள், அது தெலுங்குப் படத்தின் டப்பிங். டப்பிங் படத்தை வைத்துக்கொண்டு குரல் உடைந்தது, கை நடுங்கியது என்று கதை விடாதீர்கள்.

புத்தூர் கட்டு:
டப்பிங்கா! இப்போது தெரிந்துவிட்டது, தம்பி ரெண்டு படத்தில் ஒன்றையும் முழுசாகப் பார்க்கவில்லை. தெலுங்கில் பகவான் பேகேட்டி சிவராம். தமிழில் பகவான் நம்பியார். நம் எம்.என். நம்பியார். டப்பிங் படத்தில் நம்பியார் எப்படி வந்தார், சுவரேறிக் குதித்தா? ரெண்டு மொழியிலும் சேர்த்து எடுத்த படம் அது.

மாம்பழச் சித்தூர்:
நம்பியார் காட்சிகளை மட்டும் தனியாக எடுத்துவிட்டு மிச்சத்தை டப் செய்திருக்கலாமே? அந்தக் காலத்தில் அதுவும் நடக்கும்.

புத்தூர் கட்டு:
சித்தூரு, நீயுமா? திலீப் குமார் கட்சிதானே நீ, இதில் உனக்கு என்ன வேலை?

குப்பம் ஜங்ஷன்:
நான் முதலில் கேட்ட கேள்விக்கு இன்னும் யாரும்

நகரி நெசவு:
விடுங்க அண்ணா, நான் சாவித்திரியைக் கேட்டதற்கும் அதே கதிதான். 2009இல் அனுராக் காஷ்யப் இதே கதையை பஞ்சாபிலும் தில்லியிலும் நடப்பதாக எடுத்தார், அபய் தியோல் நடித்தது. அதில் தேவதாஸ் சாகவே இல்லை. எனக்கு அவன்தான் பிடிக்கும். பார்வதி வீட்டு வாசலில் போய்ச் செத்து அவள் மிச்ச வாழ்க்கையையும் கெடுக்காமல் விட்டானே.

திருத்தணிப் படி:
சாகாத தேவதாஸ் தேவதாஸே இல்லை அக்கா. இதில் மட்டும் நான் புத்தூராரோடு நிற்பேன்.

புத்தூர் கட்டு:
நீங்கள் என்னோடு நிற்க வேண்டாம். டப்பிங் என்று சொன்னதற்கு முதலில் ஆதாரம் காட்டுங்கள்.

திருத்தணிப் படி:
வாய்க்கும் வசனத்துக்கும் ஒட்டாத இடங்கள் நிறைய இருக்கின்றன. கண் இருக்கிறவர்களுக்குத் தெரியும். தூங்காத கண்.

பாலக்காட்டுச் சித்தூர்:
நம்பியார் கண்ணூர்க்காரர் என்பதை யாரும் சொல்லவில்லையே. லலிதா, நம்பியார், ஆக ரெண்டு பேர் எங்கள் பக்கம்.

மாம்பழச் சித்தூர்:
பெயர் விஷயத்துக்குப் பதில் வரவில்லை.

புத்தூர் கட்டு:
ஒட்டாத இடம் எது? எந்தக் காட்சி, எந்த வசனம், அதைச் சொல்லுங்கள். ரயிலிலா, வீட்டிலா, சந்திரமுகி வீட்டிலா? பொத்தாம் பொதுவாக நிறைய இடம் என்றால் நான் விடுகிற ஆள் இல்லை. சாப்பிட்டுவிட்டு வருகிறேன், அதற்குள் ஒரு காட்சியாவது எழுதி வையுங்கள்.

திருத்தணிப் படி:
சாப்பிட்டுவிட்டு வாருங்கள். நம்பியார் வராத காட்சியாகப் பார்த்து எடுத்து வைக்கிறேன்.