புதுப்பிப்பு: எஞ்சினையும் கியர்பாக்ஸையும் மாற்றவில்லை

வண்டி இழுக்கவில்லை, மேட்டில் கிளட்ச் நழுவுகிறது, எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்த்தே மாற்றிவிடலாமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி. "முதலில் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் பிஸ்டன் உண்டாக்கும் அழுத்தம்) பாருங்கள்" என்ற யோசனைதான் காப்பாற்றியது.

மூன்றாவது சிலிண்டரில் மட்டும் அழுத்தம் 90 பிஎஸ்ஐ (அழுத்த அலகு). மற்றவற்றில் 170-ஐ ஒட்டி. அதில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டுப் பார்த்தும் ஏறவில்லை. ஏறியிருந்தால், பிஸ்டனைச் சுற்றி இடைவெளியை அடைக்கும் பிஸ்டன் ரிங் தேய்மானம் என்று அர்த்தம்; ஆயில் அந்த இடைவெளியைத் தற்காலிகமாக அடைத்துவிடும். ஏறாததால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் கசியாமல் அடைக்கும் தகடு). ஹெட்டைக் கழற்றினால் எரிந்த புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வு ஒன்று கருகியிருந்தது. அதை மாற்றியதும் சரி.

எதிர்பாராதது கிளட்ச்தான். கியர்பாக்ஸில் குறையே இல்லை. கிராங்க்ஷாஃப்ட்டின் (எஞ்சினின் சுழலும் தண்டு) பின்பக்க ஆயில் சீல் கசிந்து, கிளட்ச் பிளேட் எண்ணெயில் ஊறிப்போயிருந்தது! பிடிமானம் போய் நழுவியது அதனால்தான். சீல், பிளேட் இரண்டும் புதிதாகப் போட்டாயிற்று. கியர்பாக்ஸை இறக்கி ஏற்றியதில் என் முதுகு போனது தனிக்கதை.