மறு: ட்ரை டவுன் – உலர்மணமா, அடங்குமணமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

சென்ட் அடித்துப் பல மணி நேரம் ஆன பிறகு தோலில் தங்கும் மணத்தை ஆங்கிலத்தில் 'ட்ரை டவுன்' என்கிறார்கள். நாம் தொகுக்கும் தமிழ்ச்சொல் பட்டியலில் இதற்கு நண்பர் முன்வைத்த உலர்மணம் என்ற சொல் சின்னதாக, வாய்க்கு எளிதாக இருக்கிறது. ஆனாலும் எனக்கு ஒப்பவில்லை. உலர்திராட்சை, உலர்பழம் என்று பழகிய காதுக்கு, உலர்மணம் என்றதும் காய்ந்த பூவின் வாசம்தான் நினைவுக்கு வரும். மேலும், சென்ட்டில் ஈரம் உலர்வது, அதாவது ஆல்கஹால் பறந்துபோவது, முதல் சில நிமிடங்களிலேயே முடிந்துவிடும் வேலை. நாம் பெயர் தேடுவதோ, பல மணி நேரம் கழித்துத் தோலில் நிற்கும் மணத்துக்கு.

இனிப்பும் பருப்பு வாசமும் கலந்த தின்பண்ட வகை சென்ட்டை வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். மாசி வீதிக் கடையில் வாங்கிய ஒன்றைக் காலையில் மணிக்கட்டிலும் கைக்குட்டையிலும் அடித்துக்கொண்டேன். எடுத்த எடுப்பில் பெர்கமாட் என்ற எலுமிச்சை வகையின் புளிப்பும் கசப்பு வாதுமையும் முட்டிக்கொண்டு வந்தன. வாதுமை வாசம் தருவது பென்சால்டிஹைடு. கொதிநிலை 179 டிகிரி செல்சியஸ்தான். நம் ஊர் சித்திரை வெயிலில் அது வெகுநேரம் தாங்காது. அப்புறம் வறுத்த பருப்பும் காய்ச்சிய சர்க்கரையும் மேலே வந்தன. வறுவலுக்குக் காரணம் பைரசீன்கள், சர்க்கரைக்கு எத்தில் மால்ட்டால். 1992-ல் வந்த 'ஏஞ்சல்' என்ற சென்ட் இந்த எத்தில் மால்ட்டாலைப் பச்சோலி இலை மணத்தோடு சேர்த்துத்தான் இந்த வகைக்கே வழி திறந்துவிட்டது.

சாயங்காலம் மணிக்கட்டில் வறுவல் சுத்தமாகப் போய்விட்டது. வனிலாவின் வாசப்பொருளான வனிலின், கூமரின், கொஞ்சம் சந்தனம், இவ்வளவுதான் மிச்சம். வனிலினின் கொதிநிலை 285 டிகிரி. அவ்வளவு சுலபமாகத் தோலை விட்டுப் போகாது. டோங்கா விதையில் உள்ள கூமரினில் வாதுமைச் சாயலும் உண்டு என்பதால், காலையில் போன பருப்பு வேறு உருவில் திரும்பி வந்துவிட்டதோ என்று மூக்கு மயங்குகிறது. இந்தக் கட்டம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. கைக்குட்டையிலோ அதே நேரத்தில் வறுவல் இன்னும் இருந்தது. உடம்புச் சூடு இல்லாத துணியில் எல்லாம் மெதுவாகத்தான் நடக்கும். (ஜிகர்தண்டாவில் ஊற்றும் நன்னாரியின் முக்கிய வாசப்பொருளும் வனிலினும் மாற்றியங்கள். அணுக்கள் அதே, அடுக்கு வேறு. மதுரைக்காரர்களுக்கு இந்தக் கடைசிக் கட்டம் அந்நியமாகப் படாது.)

ஆக, இங்கே நடப்பது உலர்தல் இல்லை, அடங்குதல். கொதி அடங்குகிறது, காற்று அடங்குகிறது, திருவிழா முடிந்து ஊர் அடங்குகிறது என்கிறோம். துள்ளியது தணிந்து ஒரு நிலைக்கு வருகிறது என்பதே பொருள். அதனால் அடங்குமணம் என்று சொல்லலாம் என்பது என் முன்மொழிவு. இது வினைத்தொகை. அடங்கிய மணம், அடங்குகின்ற மணம், அடங்கும் மணம் மூன்றும் இதற்குள் இருக்கின்றன. ட்ரை டவுன் என்று ஒரு சமயம் அந்த மாற்றத்தையும், இன்னொரு சமயம் கடைசியில் நிற்கும் மணத்தையும் சொல்கிறார்கள். இரண்டுக்கும் இந்த ஒரே சொல் போதும். 'மூச்சு அடங்கியது' என்பதுபோல் சாவு வாடை அடிக்காதா என்று யாராவது கேட்கலாம். மணம் என்று பின்னால் வரும்போது அந்தப் பொருள் எழாது என்றே நினைக்கிறேன்.

ஒரு சென்ட்டில் முதலில், நடுவில், கடைசியில் எழும் மணங்களான டாப், மிடில், பேஸ் நோட்டுகளுக்கு மேல்மணம், நடுமணம், அடிமணம் என்று பட்டியலில் இருக்கிறது. அடிமணம் வேண்டாமே. அடிப்பிடித்த பால் ஞாபகம் வருகிறது, அதுவும் சர்க்கரைப்பாகு வாசம் உள்ள சென்ட்டில்! தலைச்சங்கம், இடைச்சங்கம், கடைச்சங்கம் என்று நமக்கு ஏற்கெனவே ஒரு வரிசை இருக்கிறது. அதன்படி தலைமணம், இடைமணம், கடைமணம் என்று வைக்கலாம். கடைமணம் என்பது சேர்க்கும் பொருளைக் குறிக்கட்டும். அடங்குமணம் என்பது தோலில் நிற்கும் நிலையைக் குறிக்கட்டும்.

வினையாகவும் இது சரளமாக ஓடுகிறது: 'இந்த சென்ட் அடங்க எவ்வளவு நேரமாகும்?', 'துணியில் மெதுவாக அடங்குகிறது', 'அடங்கிய பிறகு முகர்ந்து பார்த்து வாங்குங்கள்'. உலர்மணத்தை வைத்து இப்படி மூன்று வாக்கியம் எழுதிப் பாருங்கள், பொருள் மாறிவிடும்.

மறுப்பு இருந்தால் இதே இழையில் எழுதுங்கள். இல்லையென்றால் பட்டியலில் உலர்மணத்தை எடுத்துவிட்டு இதைச் சேர்த்துவிடலாம்.