வேலையை விடாமல் நாடு நாடாகத் தங்கி வாழ்வது இயலுமா?

கேள்வி:
கோயம்புத்தூரில் வீட்டிலிருந்தபடியே மென்பொருள் வேலை பார்க்கிறேன். வயது 33, மணமாகவில்லை. விடுமுறையில் ஒரு வாரம் போய்வருவது எனக்குப் போதவில்லை. ஓர் ஊரில் சந்தை எப்போது கூடும், மழைக்காலத்தில் அங்குள்ளவர்கள் என்ன சமைப்பார்கள் என்பதெல்லாம் பழகிப்போகும்வரை தங்கியிருந்து, பிறகு அடுத்த நாட்டுக்கு நகர வேண்டும் என்ற ஆசை நெடுநாளாக இருக்கிறது. இந்தியக் கடவுச்சீட்டை வைத்துக்கொண்டு இப்படி வாழ முடியுமா? முடியுமென்றால் எங்கே தொடங்கலாம்?

பதில் 1:
நான் தாய்லாந்தின் சியாங் மாயில் வசிக்கிறேன். சம்பளம் எவ்வளவு, கல்யாணம் எப்போது என்று கேட்டு நம்மை எடைபோட ஆளில்லாத ஊரில் கிடைக்கும் விடுதலையை நான் வேறெங்கும் உணர்ந்ததில்லை. வரோரோட் சந்தையில் சுட்ட பச்சை மிளகாயை இடித்துச் செய்த துவையலையும் ஒட்டரிசிச் சோற்றையும் விற்கும் அம்மாவுக்கு என்னைப் பற்றித் தெரிந்ததெல்லாம், நான் காரம் கூடுதலாகக் கேட்பேன் என்பதுதான். வெளிநாட்டு நிறுவனத்துக்குத் தொலைவிலிருந்து வேலை செய்வோரும் பெறக்கூடியதாக 2024 ஜூலையில் தாய்லாந்து கொண்டுவந்த டிடிவி விசா ஐந்தாண்டுகள் செல்லும். ஒவ்வொரு முறை நுழையும்போதும் 180 நாள் தங்கலாம். தாய்லாந்து நாணயத்தில் ஐந்து லட்சம் பாத் இருப்புக் காட்ட வேண்டும். உள்ளூர் நிறுவனத்தில் வேலை செய்ய அனுமதியில்லை. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வயல்களையும் காடுகளையும் எரிக்கும் புகை ஊரையே மூடிவிடும் என்பதால், அந்த மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

பதில் 2:
நான் வரித் தணிக்கைத் துறையில் இருக்கிறேன். எந்த நாட்டிலும் நிலையாகத் தங்காவிட்டால் எங்கும் வரி கட்ட வேண்டியதில்லை என்று பரவும் பேச்சை நம்பாதீர்கள். ஒரு நிதியாண்டில் 182 நாளுக்குக் குறைவாக இந்தியாவில் இருந்தாலும், வெளிநாட்டு வருமானம் நீங்கலாக 15 லட்சத்துக்கு மேல் ஈட்டி, வேறெந்த நாட்டிலும் வரிக்கு உட்படாத இந்தியக் குடிமகனை வரிக்கணக்கில் இந்தியாவில் வசிப்பவராகவே கருதும் விதி 2020 நிதிச் சட்டத்தில் வந்துவிட்டது. தாய்லாந்திலோ ஒரு நாட்காட்டி ஆண்டில் 180 நாள் இருந்தாலே வரி வசிப்பாளர் ஆகிவிடுவீர்கள். முதலில் உங்கள் நிறுவனத்திடம் எழுத்துமூலம் ஒப்புதல் வாங்குங்கள்; நீங்கள் வேறு நாட்டிலிருந்து வேலை செய்வதால் அவர்களுக்கும் அங்கே வரிப் பொறுப்பு வரக்கூடும்.

பதில் 3:
முதல் பதிலில் சொன்ன விடுதலை உண்மைதான்; ஆனால் யாரும் நம்மை அறியாத நிலையை மட்டும் நாடிப் போகிறவர், மாதத்துக்கு ஓர் ஊர் என்று ஓடத் தொடங்கிவிடுவார். வீடு தேடுவதிலும் சிம் கார்டு வாங்குவதிலும் பாதி மாதம் கழிந்துவிடும். நீங்கள் கேட்ட வாழ்க்கைக்கு அந்த ஓட்டம் உதவாது. ஓரிடத்தில் ஐந்தாறு மாதமாவது இருங்கள், எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். தாய்லாந்து மொழியின் எழுத்து, பல்லவ எழுத்திலிருந்து கம்போடியாவின் கெமர் எழுத்து வழியாக வந்தது. நம் கொம்பைப் போல அங்கும் சில உயிர்க்குறிகள் மெய்க்கு முன்னால் நிற்கும். பேருந்துப் பலகையையும் கடையின் விலைச்சீட்டையும் நீங்களே வாசித்துவிட்டால், கடைக்காரர் உங்களிடம் பேசும் விதமே மாறிவிடும்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. நவம்பரில் சியாங் மாய் சென்று, புகைக்கு முன் ஜனவரி இறுதியில் தெற்கே கடலோரத்துக்கு நகர்ந்து, ஏப்ரல்வரை தாய்லாந்திலேயே இருக்கலாம் என்று எண்ணுகிறேன். விசா விண்ணப்பத்துக்கு நிறுவனம் தரும் கடிதத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை அண்மையில் விண்ணப்பித்தவர்கள் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.