பழைய மடல்களின் தலைப்பு வரி: திஸ்கியா, டாபா என்று பிரிப்பது எப்படி?

அப்பா 2001 முதல் 2004 வரை அண்ணனோடு எழுதிக்கொண்ட மடல்கள் எம்பாக்ஸ் (எல்லா மடல்களும் ஒரே கோப்பில் இருக்கும் வடிவம்) கோப்பாக இருக்கின்றன. மூன்று வாரமாக உபுண்டு 22.04-இல் டவ்காட் என்ற மடல் சர்வருக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். மடல்கள் வந்துவிட்டன, தலைப்பு வரியும் அனுப்புநர் பெயரும்தான் சிதைகின்றன. 'தமிழ்' என்று இருக்க வேண்டிய இடத்தில் முக்கால் பின்னக் குறியும் சென்ட் குறியும் நிற்கின்றன.

காரணம் தெரிகிறது. சில மடல்கள் திஸ்கியில், சில டாபில்; இரண்டும் யூனிகோடு பரவும் முன் இருந்த தமிழ்க் குறியாக்கங்கள். ஆனால் பெரும்பாலான தலைப்பு வரிகள் தம் குறியாக்கத்தை ஐஎஸ்ஓ-8859-1 (மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கானது) என்றே சொல்கின்றன. சிலவற்றில் அந்தக் குறிப்பும் இல்லை, வெறும் எட்டு பிட் எழுத்துகள்.

குறியாக்கத்தை மாற்றும் ஐகான்வ் கட்டளையில் திஸ்கி கொடுத்தேன்; பாதி சரியானது, டாப் மடல்கள் இன்னும் குழம்பின. டாபுக்குத் தனி மாற்று அட்டவணை எழுதினேன், அதுவும் வேலை செய்கிறது. எது எந்த வகை என்பதுதான் சிக்கல். எழுத்து எண்ணிக்கையை வைத்து ஊகிக்கும் பைத்தான் நிரல், நீண்ட உடல்பகுதியில் சரியாகச் சொல்கிறது. 'ஊருக்கு எப்போது?' போன்ற இரண்டு சொல் தலைப்பில் தவறுகிறது. உடல்பகுதியைப் பார்த்து முடிவெடுக்கலாம் என்றால், பல மடல்களில் அது முழுக்க ஆங்கிலம். அசல் கோப்பு பத்திரமாக இருக்கிறது.

இவ்வளவு சிறிய தலைப்பு வரியை மட்டும் வைத்துத் திஸ்கியையும் டாபையும் நம்பகமாகப் பிரிக்க என்ன வழி?