பழைய லேத்-மில்லிங் கூட்டு மெஷின்: டேப்பர் (ஒரு முனை பெரிதாக வரும் சரிவு) விழுகிறது, உதவி வேண்டும்

கேட்பவர், சாட்ஸ்வொர்த் (டர்பன், தென்னாப்பிரிக்கா):

வணக்கம். டர்பனில் மூடிய ஒரு பட்டறையிலிருந்து லேத்தும் (கடைசல் மெஷின்) மில்லிங்கும் (சுழலும் கட்டரால் வெட்டுவது) சேர்ந்த பழைய சீன மெஷின் ஒன்றை வாங்கி, வீட்டுக் கராஜில் நிறுத்தியிருக்கிறேன். சென்டர் உயரம் (பெட் என்ற அடித்தளத் தண்டவாளத்திலிருந்து சுழலும் மையம் வரை) சுமார் 200 மி.மீ. தைப்பூசக் காவடிக்கு எங்கள் கோயில் இரதம் கிளம்புவதற்குள் அதன் சக்கரங்களுக்குப் புது கன்மெட்டல் (வெண்கல வகை) புஷ் (அச்சைச் சுற்றி இருக்கும் குழாய்) கடைந்து கொடுக்க வேண்டும் என்பது ஆசை.

20 மி.மீ. இரும்புக் கம்பியை சக்கில் (சுழலும் பிடிப்பான்) பிடித்து, 150 மி.மீ. வெளியே நீட்டி, டெயில்ஸ்டாக் (மறுமுனையைத் தாங்கும் பகுதி) இல்லாமல் கடைந்தால், வெளிமுனை விட்டம் சக் பக்கத்தைவிட 0.09 மி.மீ. பெரிதாக வருகிறது. ஆங்கிள் அயர்ன் ஸ்டாண்டின் நாலு போல்ட்டையும் தரையோடு நன்றாக இறுக்கியிருக்கிறேன். ரசமட்டம் வைத்தால் குமிழி நடுவில்தான் நிற்கிறது. ஹெட்ஸ்டாக்கை (சக்கைச் சுழற்றும் தலைப்பகுதி) தளர்த்தித் திருப்பிப் பார்க்கலாமா?

மில்லிங்கிலும் சிக்கல். டிரில் சக்கில் பிடித்த 12 மி.மீ. எண்ட் மில் (மில்லிங் கட்டர்) அலை அலையாக வெட்டுகிறது. ஒருமுறை ஓடும்போதே சக் கழன்று விழுந்தது. பழைய ஸ்விட்ச் போய்விட்டதால் யாரோ சாதாரண சுவர் ஸ்விட்ச்சை மாட்டியிருக்கிறார்கள்.

பதில், பீட்டர்மாரிட்ஸ்பர்க் (சர்க்கரை ஆலையில் ஃபிட்டர் அண்ட் டர்னராக இருந்து ஓய்வு பெற்றவர்):

தம்பி, ஹெட்ஸ்டாக்கைத் தொடாதீர்கள். கடைசியாகக் கை வைக்க வேண்டிய இடம் அது. ஒரு தடவை கலைத்துவிட்டால் எது கோணல், எது நேர் என்று கண்டுபிடிக்கவே முடியாது.

முதலில் கம்பியைச் சந்தேகப்படுங்கள். 20 மி.மீ. கம்பி 150 மி.மீ. நீட்டி நின்றால், டூல் தள்ளும் விசைக்கு முனை பின்னால் வளைந்து கொடுக்கும். வளைந்த இடத்தில் டூல் குறைவாக வெட்டும், அதனால் முனை பெரிதாக வரும். உங்கள் 0.09-இல் ஒரு பெரிய பங்கு இதுவாகவே இருக்கலாம். அதே நீளத்துக்கு 40 மி.மீ. கம்பி போடுங்கள். விட்டம் இரண்டு மடங்கானால் வளைவு பதினாறில் ஒரு பங்காகிவிடும். நடுப்பகுதியை நன்றாகக் குறைத்து, இரண்டு முனையிலும் மட்டும் ஒரு அங்குல அகலக் காலர் (குறைக்காத வளையம்) விடுங்கள். கூரான டூல், மிக லேசான கட். டூலை முன்பின் நகர்த்தும் குறுக்கு ஸ்லைடை அசைக்காமல் இரண்டு காலரையும் ஒரே ஓட்டத்தில் கடைந்து மைக்ரோமீட்டரில் அளந்து பாருங்கள்.

அதிலும் வித்தியாசம் இருந்தால் பெட் முறுக்கிக்கொண்டிருக்கிறது. கராஜ் தரை தண்ணீர் ஓடுவதற்காக வாசல் பக்கம் சரிந்திருக்கும். அதில் நாலு போல்ட்டையும் இறுக்கினால் ஸ்டாண்ட் வளையும், பெட்டும் கூடவே முறுகும். கொத்தனார் ரசமட்டத்தில் இது தெரியாது. மீட்டருக்கு 0.02 மி.மீ. காட்டும் மெஷின் லெவல் கிடைத்தால், பெட்டின் குறுக்கே சக் பக்கம் ஒரு தடவை, டெயில்ஸ்டாக் பக்கம் ஒரு தடவை வையுங்கள். குமிழி நடுவில் வர வேண்டும் என்பதில்லை. இரண்டு இடத்திலும் ஒரே கோட்டில் நின்றால் போதும். மெஷின் மட்டமாக நிற்காவிட்டாலும் நேராகக் கடையும், முறுகியிருந்தால்தான் கடையாது.

எவ்வளவு முறுக்கு எவ்வளவு கெடுக்கும் என்று ஒரு கணக்கு. பெட் 100 மி.மீ. அகலம் என்று வையுங்கள். டெயில்ஸ்டாக் முனையில் ஒரு பக்கம் 0.05 மி.மீ., அதாவது எழுதும் தாளின் கனத்தில் பாதி, உயர்ந்தாலே 200 மி.மீ. உயரத்தில் இருக்கும் டூல் 0.1 நகரும். விட்டத்தில் அது 0.2! இந்த வகை மெஷினில் பெட் குறுகல், ஆனால் சென்டர் உயரத்தில் இருக்கும். அதனால்தான் சாதாரண லேத்தைவிட இதற்கு இந்தக் கவனம் அதிகம் வேண்டும்.

லெவல் இல்லையென்றாலும் சரி, காலரே போதும். போல்ட்டுகளைத் தளர்த்தி, எந்தக் காலடியில் இடைவெளி தெரிகிறது என்று ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பாருங்கள். அந்த இடைவெளிக்கு ஷிம் (மெல்லிய அடைதகடு) போட்டுவிட்டு மெதுவாக இறுக்குங்கள். அப்புறமும் வெளிமுனை பெரிதாக வந்தால், டெயில்ஸ்டாக் பக்கத்து முன் காலடியை, நீங்கள் நிற்கும் பக்கத்தை, கொஞ்சம் உயர்த்துங்கள். டூல் ஜாப்பை (வேலை செய்யும் துண்டை) நோக்கிச் சாயும்.

பதில், பீனிக்ஸ் (டர்பன்):

டிரில் சக்கில் எண்ட் மில் பிடிப்பதை இன்றோடு நிறுத்துங்கள் தம்பி. அந்தச் சக்கை அதன் ஆர்பரில் (தண்டில்) பிடித்திருப்பது வெறும் டேப்பர், அதாவது கூம்புப் பொருத்தம்தான். துளை போடும்போது அழுத்தம் மேல்நோக்கி இருப்பதால் நிற்கும், பக்கவாட்டில் தள்ளினால் கழன்றுவிடும். ஸ்பிண்டில் (சுழலும் தண்டு) டேப்பருக்குப் பொருந்தும் கோலெட் (கட்டரை இறுக்கிப் பிடிக்கும் பிளவுக் குழாய்) வாங்கி, மேலிருந்து டிரா பார் (நீள போல்ட்) போட்டு இழுத்துப் பிடியுங்கள். வெட்டும்போது குவில்லை (ஸ்பிண்டிலோடு மேலும் கீழும் நகரும் குழாய்) முடிந்தவரை உள்ளே வைத்துப் பூட்டுங்கள், பெட்டின் மேல் நகரும் கேரியேஜையும் பூட்டுங்கள். பழைய ஸ்குரூவில் லூஸ் இருக்கும், அதனால் கட்டரின் சுழற்சிக்கு எதிராகவே ஜாப்பை ஓட்டுங்கள். சேர்ந்து ஓட்டினால் கட்டர் ஜாப்பை இழுத்துக்கொண்டு போகும். வட்டத் தூண் உள்ள தலை என்றால், உயரம் மாற்றும்போதெல்லாம் அது கொஞ்சம் திரும்பும். குறி போட்டு வெட்டும் வேலையில் இடையில் உயரத்தை மாற்றாதீர்கள்.

பதில், லெனேசியா, ஜோகன்னஸ்பர்க் அருகே (எலக்ட்ரீசியன்):

ஸ்விட்ச்சைப் பற்றி யாரும் சொல்லவில்லை, எனக்கு அதுதான் பயம். 2023-இல் அநேகமாகத் தினமும் கரண்ட் போய் வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். இப்போது குறைந்திருந்தாலும் போகாமல் இல்லை. சுவர் ஸ்விட்ச் ஆனிலேயே இருக்கும்போது கரண்ட் திரும்பினால், சக் தானாகச் சுழலும். அந்த நேரம் கை அங்கே இருந்தால்? கரண்ட் போனதும் தானே ஆஃப் ஆகிவிடும், திரும்ப அழுத்தினால்தான் ஓடும் ஸ்டார்ட்டர் ஒன்றைப் போடுங்கள். மோட்டார் ஆம்பியருக்கு ஏற்ற ஓவர்லோடும் (அளவுக்கு மீறி கரண்ட் இழுத்தால் நிறுத்தும் பாதுகாப்பு) அதில் இருக்கட்டும். எர்த் வயர் மெஷின் உடம்பு வரை வந்திருக்கிறதா என்று லைசென்ஸ் உள்ளவரை வைத்துச் சோதியுங்கள்.

கேட்பவர்:

மூவருக்கும் நன்றி. 40 மி.மீ. கம்பியில் வித்தியாசம் 0.04-ஆக இறங்கியது. போல்ட்டைத் தளர்த்தியதும் வாசல் பக்கத்து முன் காலடி தரையை விட்டு எழுந்தது. பித்தளை ஷிம் போட்டு இறுக்கியபின் 0.01. ஸ்டார்ட்டர் மாட்டியாகிவிட்டது. இனி புஷ் கடையலாமா ஐயா?

பதில், பீட்டர்மாரிட்ஸ்பர்க்:

தாராளமாக. வெளி விட்டத்தையும் துளையையும் ஒரே பிடியில் முடித்து, அப்புறம் வெட்டி எடுங்கள். பிடி மாற்றினால் மையம் போய்விடும். சக்கரத்தில் அழுத்தி ஏற்றும்போது புஷ்ஷின் துளை சற்றுச் சுருங்கும். அதனால் துளையில் கொஞ்சம் விட்டுவைத்து, ஏற்றியபின் ரீமர் (துளையைச் சரியான அளவுக்கு வெட்டும் கருவி) ஓட்டி அச்சுக்குப் பொருத்துங்கள். உள்ளே எண்ணெய்க்கு ஒரு பள்ளம் வெட்ட மறக்காதீர்கள்.