புதுப்பிப்பு: கோப்பைப் பிரித்ததும் வந்த பெயர் மோதல்

முதல் பதிவின் கேள்வி இதுதான்: பெரிய ஜாவாஸ்கிரிப்ட் கோப்பைப் பில்லிங், யூசர் எனப் பிரித்ததும் இரண்டிலும் 'சேவ்' என்ற ஃபங்ஷன் இருந்தது, கடைசியாக லோட் ஆனதே இரண்டுக்கும் ஓடியது. சாதாரண ஸ்கிரிப்ட் டேக்கில் எல்லா ஃபங்ஷனும் ஒரே குளோபலில் (பக்கம் முழுவதற்கும் பொதுவான இடத்தில்) விழுவதுதான் காரணம். 'சேவ்' கான்ஸ்ட் (மறுபடி அறிவிக்க முடியாத பெயர்) ஆக இருந்திருந்தால் எரராவது வந்திருக்கும். ஃபங்ஷன் டிக்ளரேஷனுக்கு பிரவுசர் வாயே திறக்காது.

டேக்கின் டைப்பை 'மாட்யூல்' ஆக்கினால் ஒவ்வொரு கோப்புக்கும் தனி ஸ்கோப் (பெயர்கள் செல்லுபடியாகும் எல்லை), மோதல் தீர்ந்தது. ஆனால் எச்டிஎம்எல்லில் நேரடியாக எழுதிய ஆன்கிளிக்குகள் வேலை செய்யாது, அவை ஃபங்ஷனைத் தேடும் பொது ஆப்ஜெக்டான விண்டோவில் அது இனி இல்லை. அந்த ஆன்கிளிக்குகளை, மாட்யூலுக்குள்ளிருந்தே கிளிக்கை ஃபங்ஷனுடன் இணைக்கும் ஆட்ஈவென்ட்லிசனருக்கு மாற்றுங்கள். விண்டோவில் மறுபடி ஒட்டவைத்தால் பழைய சிக்கலே திரும்பும்.

இதைவிட ஏமாற்றுவது, பல மாட்யூல்களை ஒரே இடத்திலிருந்து வெளியே தரும் இண்டெக்ஸ் கோப்பு. இரண்டு மாட்யூலையும் நட்சத்திரக் குறி போட்டு மறு எக்ஸ்போர்ட் செய்தால், இரண்டு 'சேவ்'வும் வெளியே வராது. அங்கே பிழையும் காட்டாது. பெயர் சொல்லி இம்போர்ட் செய்யும்போதுதான் சின்டாக்ஸ் எரர். மொத்தமாக ஒரு பெயரின் கீழ் இம்போர்ட் செய்தால் அதுவும் இல்லை, வெறும் அன்டிஃபைன்ட் (மதிப்பே இல்லை). எனவே நட்சத்திரம் வேண்டாம்; 'ஆஸ்' போட்டு 'பில்லிங்சேவ்', 'யூசர்சேவ்' எனப் பெயர் மாற்றியே வெளியே அனுப்புங்கள்.

மிக்ஸின் (வேறு ஆப்ஜெக்ட்டில் சேர்ப்பதற்கான ஃபங்ஷன் தொகுப்பு) வைத்திருப்பவர்களுக்கு: அதைச் சேர்க்கும் ஆப்ஜெக்ட் அசைன், ஒரே பெயர் இருந்தால் பழையதைச் சத்தமில்லாமல் மேலெழுதும். சேர்க்கும் முன் அந்தப் பெயர் ஏற்கெனவே உண்டா என்று சோதித்து, இருந்தால் அங்கேயே எரர் கொடுத்து நிறுத்துங்கள்.