ஆர் (R) நிரல்மொழியில் காமா, பெசல் சார்புகள்: உங்களைத் தவிக்கவிட்ட ஒரு கணக்கு எது?

தொடங்கியவர்:
எனக்கு இன்னும் உறுத்துவது ஒரே ஒரு வரிதான். எதிர்மறை ஈருறுப்புப் பரவலுக்கு லைக்லிஹுட்டை (தரவு வரக்கூடிய சாத்தியத்தை அளக்கும் சூத்திரம்) நானே எழுதினேன். சின்னத் தரவில் ஒழுங்காக ஓடியது, பெரிய தரவைக் கொடுத்ததும் எல்லாம் 'நேன்' (NaN, எண்ணே அல்ல என்ற விடை). ஒவ்வொரு வரியாகத் தட்டிப் பார்த்தால் காமா(200) வகுத்தல் காமா(198); காமா(200) என்றால் 1 முதல் 199 வரை பெருக்கியது. கையால் போட்டால் 199 பெருக்கல் 198, 39402, அவ்வளவுதான். ஆனால் மேலேயும் முடிவிலி, கீழேயும் முடிவிலி, வகுத்தால் என்ன வரும்? காமா(171) வரை தாங்குகிறது, 172-இல் எண் கொள்ளாமல் போய்விடுகிறது. இரண்டுக்கும் எல்காமா (காமாவின் மடக்கை) எடுத்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து எக்ஸ்ப் (அடுக்குச் சார்பு) போட்டதும் 39402 வந்தது. அந்த எண் திரையில் வந்த நொடி அப்படியே நினைவில் இருக்கிறது.

மறுமொழி 1:
எனக்கு பிநார்ம் (இயல்நிலைப் பரவலில் ஒரு மதிப்பு வரையுள்ள நிகழ்தகவைத் தரும் சார்பு). இசட் மதிப்பு 9, நான் 1-இலிருந்து பிநார்ம்(9)-ஐக் கழித்தேன், விடை சுத்தமாக 0. அந்தப் பூஜ்யத்தோடுதான் அட்டவணை வெளியே போனது, அதுதான் இன்றும் வலிக்கிறது. லோயர் டெயிலை ஃபால்ஸ் என்று கொடுத்திருந்தால் (மேல்பக்க நிகழ்தகவை நேரடியாகக் கேட்பது) 1.13 பெருக்கல் 10-இன் மைனஸ் 19 அடுக்கு என்று அழகாக வந்திருக்கும். 8-க்கு இன்னும் மோசம்: கழித்தால் 6.66, உண்மையில் 6.22 (இரண்டுமே 10-இன் மைனஸ் 16 அடுக்கு). பூஜ்யம் வந்தாலாவது சந்தேகம் வரும், இது யார் கண்ணிலும் படாது.

மறுமொழி 2:
தொடங்கியவர் எல்காமாவே தீர்வு என்பதுபோல எழுதியிருக்கிறார், அதை நான் ஏற்கவில்லை. அது தனிமதிப்பின் மடக்கையைத்தான் தரும். காமா(-0.5) என்பது -3.54, எல்காமா வழியாகப் போனால் +3.54 வரும், குறி காணாமல் போயிருக்கும். என் கதை சின்னது: திசைத் தரவுக்கு வான் மைசஸ் பரவல், செறிவு 1000, பெசல்-ஐ ஒன்றாம் வரிசையைப் பூஜ்ய வரிசையால் வகுத்தேன், அதே 'நேன்'. எக்ஸ்பான் ஸ்கேல்டை (அடுக்கு வளர்ச்சியை நீக்கித் தரும் தெரிவு) ட்ரூ ஆக்கினேன், 0.9995 வந்தது, சரி. அப்புறம் பொதுவாக ஒன்று சொல்கிறேன், முழுமையற்ற காமா சார்பு ஆரில் இல்லையே என்று யாரும் தொகுப்பு தேடி அலைய வேண்டாம், பிகாமா அதுவேதான், ஆனால் காமா(ஏ)-ஆல் ஏற்கெனவே வகுத்துத் தருகிறது, மூல மதிப்பு வேண்டுமென்றால் நீங்கள்தான் திரும்பப் பெருக்க வேண்டும். பிபீட்டாவும் (முழுமையற்ற பீட்டா) அப்படியே, அது பீட்டா சார்பால் வகுத்துத் தருகிறது. பிகாமாவில் எக்ஸ் (எல்லை) முதலில், ஏ (வடிவ அளவு) இரண்டாவது. புத்தகச் சூத்திரத்தில் ஏ முதலில் இருக்கும், மாற்றிப் போட்டாலும் ஏதோ ஒரு எண் வரும், பிழைச்செய்தி வராது. சின்ன எண்களுக்கு லாக்1பி (1 கூட்டல் எக்ஸின் மடக்கை), எக்ஸ்ப்எம்1 (எக்ஸ்ப் கழித்தல் 1) இரண்டையும் பழக்கிக்கொள்ளுங்கள்.

தொடங்கியவர்:
என்னுடையவை எண்ணிக்கைகள், நேர்ம எண்கள் மட்டும். அங்கே குறி எப்படித் தொலையும்? எதிர்மறை எண்ணுக்கு நீங்கள் சொன்னது சரிதான், ஆனால் அது வேறு கணக்கு.

மறுமொழி 3:
பிழைச் சார்பு (erf) அடிப்படை ஆரில் இல்லை என்று நானே டெய்லர் தொடர் எழுதினேன். 8-க்குப் போட்டேன், ஒன்றைத் தாண்டவே கூடாத சார்பு, பல இலக்கத்தில் ஒரு எண்ணைத் தந்தது. குறி மாறி மாறி வரும் பெரிய உறுப்புகள் ஒன்றையொன்று தின்றுவிட்டன. அரை நாள் போன பிறகு பிநார்மின் உதவிப் பக்கத்தைத் திறந்தால், கடைசியில் எடுத்துக்காட்டுகளுக்குள் ஒரே வரியில் எழுதி வைத்திருக்கிறார்கள்: எக்ஸை இரண்டின் வர்க்கமூலத்தால் பெருக்கி பிநார்ம் எடு, இரட்டிப்பாக்கு, ஒன்றைக் கழி.